எஞ்சின் விளக்கும் ஸ்கேனர் சாஸ்திரமும்

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று பாரத் ஸ்டேஜ் ஆறாம் நிலை மாசு விதிகள் அமலுக்கு வந்து, அதுவரை இந்நாட்டு மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெட்ரோல் ஊட்டிவந்த கார்புரேட்டர் புதிய வண்டிகளிடமிருந்து அநேகமாக விடைபெற்றுக்கொள்ள, அதன் ஸ்தானத்தில் இன்ஜெக்டரும் அதை ஆளும் ஈ.சி.யூ. என்ற சிறு கணினியும் வந்து அமர்ந்த பிறகு, நமது பட்டறைகளில் ஓர் அபிப்பிராயம் மெல்ல வேரூன்றி, இன்று சித்தாந்தம் என்றே சொல்லத்தக்க உறுதியை அடைந்திருக்கிறது. மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தால் ஸ்கேனரைச் செருக வேண்டும். ஸ்கேனர் ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணுக்கு நேரே எந்தப் பாகத்தின் பெயர் இருக்கிறதோ அது கெட்டுப்போயிற்று. அதை மாற்றிவிட்டு எண்ணை அழித்தால் விளக்கு அணையும். விளக்கு அணைந்தால் வண்டி குணமாயிற்று. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் பலவீனமானது என்பதும், கடைசிக் கண்ணி பலவீனமானது மட்டுமல்லாமல் தீங்கும் செய்வது என்பதும் என் கட்சி.

இந்த அபிப்பிராயத்தைக் கொண்டவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. அவர்கள் பக்கத்தில் பலமான வாதம் ஒன்று உண்டு. எண்களை ஏற்படுத்தியவன் ஏதோ வழிப்போக்கன் அல்லன்; ஈ.சி.யூ.வைச் செய்தவனே, எந்த நிலைமையில் எந்த எண் பதிவாக வேண்டும் என்பதையும் எழுதிவைத்திருக்கிறான். காற்று மாசுக்குப் பேர்போன கலிபோர்னியா மாகாணம் 1988-ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து இத்தகைய சுயபரிசோதனையைக் கட்டாயமாக்கிற்று. 1996-ஆம் ஆண்டு மாடலிலிருந்து அமெரிக்காவின் எல்லாக் கார்களுக்கும் ஒரே விதமான எண் முறை வந்தது. எஞ்சின் சம்பந்தமான எண்கள் ‘பி’ என்ற எழுத்தில் தொடங்கும் என்பதும், அதையடுத்துப் பூஜ்யம் வந்தால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண், ஒன்று வந்தால் அந்தக் கம்பெனிக்கே உரிய எண் என்பதும் அன்று வகுத்த ஏற்பாடுகள்; இன்று ஓசூரிலும் ஒரகடத்திலும் உருவாகும் இருசக்கர வண்டிகள் வரையில் அந்த முறை வந்து சேர்ந்துவிட்டது. இத்தனை பெரிய பரம்பரையுடைய எண் ‘பி0118’ என்று திரையில் தோன்றும்போது, அதைச் சந்தேகிக்க மூலைப் பட்டறைக்காரனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்கிறார்கள்.

எண்ணைச் சந்தேகிக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. எண் பொய் சொல்வது அபூர்வம். அது சொல்லாத ஒன்றை அது சொன்னதாக நாம் எடுத்துக்கொள்வதுதான் தொல்லை. நம் தர்க்க நூலார் அறிவுக்கு வழிகளை வகுத்தபோது, கண்ணால் நேரே காண்பதை ஒரு வழியாகவும், மலைமேல் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்று துணிவதை வேறொரு வழியாகவும், நம்பத்தகுந்த பெரியவர் சொல்லை ஏற்பதை இன்னொரு வழியாகவும் வைத்தார்கள். ஸ்கேனர் காட்டும் எண்ணை நமது பட்டறைகள் ஆப்த வாக்கியமாக, கேள்விக்கு இடமற்ற பெரியவர் சொல்லாக எடுத்துக்கொண்டுவிட்டன. வாஸ்தவத்தில் அது புகை. புகையிலிருந்து நெருப்புக்குப் போக வேண்டிய யோசனை இன்னும் பாக்கியிருக்கிறது. பனிமூட்டத்தைப் புகையென்று மயங்குவதும் உண்டு என்று அதே நூலார் எச்சரித்தும் இருக்கிறார்கள்.

ஈ.சி.யூ.வுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. அதன் உலகம் முழுவதும் அதன் கப்ளரில் வரிசையாக நிற்கும் பின்களோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பின்களில் எத்தனை வோல்ட் வருகிறது என்பது ஒன்றே அது நேரே அறிவது. எஞ்சின் சூடாயிருக்கிறது, காற்று வருகிறது, த்ராட்டில் திறந்திருக்கிறது என்பதெல்லாம் அந்த வோல்ட்டைக் கொண்டு அது செய்துகொள்ளும் அனுமானம். எஞ்சின் வெப்பத்தை அறிவிக்கும் சென்சாரை எடுத்துக்கொள்வோம். சூடு ஏற ஏற மின்தடை குறையும் இயல்புடைய ஒரு சிறு மணிதான் அது. ஈ.சி.யூ. தன்னிடமுள்ள 5 வோல்ட்டை ஒரு தடையின் வழியாக அதற்கு அனுப்பி, நடுவில் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கிறது. எஞ்சின் சூடானால் வோல்ட் இறங்கும், குளிர்ந்தால் ஏறும். சென்சாருக்குப் போகும் ஒயர் எங்காவது அறுந்துவிட்டாலோ, கப்ளர் தளர்ந்துவிட்டாலோ, எர்த் விட்டுப்போனாலோ, அனுப்பிய 5 வோல்ட்டும் இறங்க வழியில்லாமல் அப்படியே நிற்கிறது. அந்த 5 வோல்ட்டை வெப்பக் கணக்கில் மாற்றினால் ஏறத்தாழப் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி என்று விடை வரும். அக்கினி நட்சத்திரத்தில், மதியம் இரண்டு மணிக்கு, வேலூர்ச் சாலையில் நிற்கும் வண்டியின் எஞ்சின் துருவப் பனியில் உறைந்து கிடப்பதாக ஸ்கேனர் திரையில் நேரடி அளவு தெரிவதும், பக்கத்திலேயே ‘பி0118’ பதிவாவதும் இப்படித்தான்.

அந்த எண்ணின் முழுப் பொருள், வெப்பச் சென்சாரின் சுற்றில் வோல்ட் அதிகமாயிருக்கிறது என்பது. சுற்று என்ற சொல்லைக் கவனிக்காமல் தாண்டிவிட்டு, சென்சார் என்ற சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். சுற்றில் சென்சாரும் உண்டு. அதோடு இரண்டு ஒயர்களும், இரண்டு முனைக் கப்ளர்களும், எர்த்தும், கடைசியில் ஈ.சி.யூ.வும் உண்டு. இவற்றில் எளிதில் கெடுவது எது என்று அனுபவமுள்ள எந்த எலக்ட்ரீஷியனைக் கேட்டாலும் கப்ளரைத்தான் முதலில் காட்டுவார். வாட்டர் வாஷ் என்ற பெயரில் எஞ்சின்மேல் பாய்ச்சும் அழுத்தத் தண்ணீர் அதற்குள் புகுந்துவிடுகிறது. கடலோர ஊர்களில் உப்புக் காற்று செம்பு முனைகளில் பச்சை பூக்கச் செய்கிறது. ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஒயர் வளைந்து வளைந்து உறைக்குள்ளேயே அறுகிறது. எலியின் திருப்பணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழைய சென்சாரைக் கழற்றிப் புதியதை மாட்டும்போது கப்ளரைப் பிடுங்கிச் செருகுகிறார்கள் அல்லவா? அந்தச் செருகலில் பூசணம் உராய்ந்து நீங்கி இணைப்பு கொஞ்ச நாளைக்குச் சரியாகிவிடுகிறது. புதுச் சென்சார் வண்டியைக் குணப்படுத்தியது என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய சாட்சியம் பல சமயங்களில் கிடையாது.

வெப்பச் சென்சாரின் கதையாவது எளியது. ஆக்ஸிஜன் சென்சாருக்கு நேரும் அநியாயம் இன்னும் விசித்திரமானது. பெண்ட் பைப்பில் பொருத்தியிருக்கும் இந்தச் சென்சார், புகைக்குள் மிஞ்சியிருக்கும் ஆக்ஸிஜனையும் வெளிக்காற்றில் உள்ள ஆக்ஸிஜனையும் ஒப்பிட்டு, தானே ஒரு சிறு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. பெட்ரோல் அதிகமாகப் போனால் 0.9 வோல்ட்டை ஒட்டியும், காற்று அதிகமாகப் போனால் 0.1 வோல்ட்டை ஒட்டியும் நிற்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற நிறைக் கணக்கில் கலவை நிற்கும்போது இரண்டுக்கும் நடுவே ஓயாமல் ஊசலாடும். இப்போது பெண்ட் பைப் எஞ்சினோடு சேரும் இடத்தில் பேக்கிங் இற்றுப்போய் ஒரு மயிரிழை வழி உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புகை வெளியே பீச்சும். ஒவ்வொரு பீச்சலுக்குப் பின்னும் குழாயில் உண்டாகும் வெறுமையில் வெளிக்காற்று உள்ளேயும் இழுக்கப்படும். சென்சார் அந்தக் காற்றை மோப்பம் பிடித்து, ஆக்ஸிஜன் மிகுந்திருக்கிறது என்று உள்ளதை உள்ளபடியே சொல்கிறது. அந்த ஆக்ஸிஜன் எஞ்சின் வழியாக வரவில்லை, ஓட்டை வழியாக வந்தது என்று அறிய அதற்கு ஏது வழி? ஈ.சி.யூ. அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. மீண்டும் மீண்டும் கூட்டுகிறது. கூட்டுவதற்கு வைத்த எல்லை முடிந்ததும், கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று குறிக்கும் ‘பி0171’-ஐயோ, ஆக்ஸிஜன் சென்சாரின் வோல்ட் தாழ்ந்துவிட்டது என்று குறிக்கும் ‘பி0131’-ஐயோ எழுதிவைத்து விளக்கை ஏற்றுகிறது.

இந்த வண்டியின் நிலைமையைப் பாருங்கள். பெட்ரோல் போதவில்லை என்கிறது எண். பிளக்கைக் கழற்றினால் கரி பிடித்துக் கறுத்திருக்கிறது, மைலேஜ் விழுந்துவிட்டது, சைலன்சர் வாயில் பெட்ரோல் வாடை அடிக்கிறது. எண் சொல்வதற்கு நேர்மாறான சாட்சியங்கள் மூன்று, காணவும் முகரவும் கூடியவை, எதிரே நிற்கின்றன. கார்புரேட்டர் காலத்து மெக்கானிக் ஒருவர் இவற்றைக் கண்ட மாத்திரத்தில் பெண்ட் பைப் பக்கம் கையைக் கொண்டுபோய், வண்டியை ஸ்டார்ட் செய்து, புஸ் புஸ் என்று சீறும் இடத்தைக் கண்டுபிடித்து, சொற்பக் காசுக்குப் பேக்கிங் மாற்றிக் கொடுத்திருப்பார். ஸ்கேனர் சாஸ்திரத்தில் தேர்ந்தவரோ ஆயிரக்கணக்கான ரூபாய் பெறும் ஆக்ஸிஜன் சென்சாரை, பொய் சொல்லாத ஒரே சாட்சியை, குற்றவாளியென்று கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டுகிறார். அதுவும் முந்தியது சொன்னதையே சொல்கிறது. அப்போது ஈ.சி.யூ. கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

ஒரே சமயத்தில் மூன்று நான்கு எண்கள் தோன்றும்போது மூன்று நான்கு சென்சார்களுக்கும் விலை கேட்பதும் இந்தச் சாஸ்திரத்தின் கிளைதான். பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் ஒயரிலிருந்தே உணவு பெறுகின்றன. அவற்றில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனாலும், அந்த ஒயர் எங்காவது தோல் உரிந்து சட்டத்தில் பட்டாலும், எல்லாமே சேர்ந்து பட்டினி கிடக்கும். பேட்டரி தளர்ந்து, ஸ்டார்ட்டர் அழுத்தும்போது வோல்ட் மிகவும் சரிந்தாலும் சம்பந்தமற்ற எண்கள் கூட்டமாக வரும். எண்கள் அதிகமாகும்போது காரணம் ஒன்றாயிருக்கும் சாத்தியமே அதிகம்.

இனி எண்ணை அழிப்பதற்கு வருவோம். ஈ.சி.யூ. தவறு ஒன்றைப் பதிவு செய்யும்போது, பல வண்டிகளில் அந்தக் கணத்தில் எஞ்சின் எத்தனை வேகத்தில் சுற்றியது, எவ்வளவு சூடாயிருந்தது, த்ராட்டில் எவ்வளவு திறந்திருந்தது என்பவற்றையும் சேர்த்து எழுதிவைக்கிறது. காலையில் வீட்டு வாசலில் குளிர்ந்த எஞ்சினில் வந்த குறையா, மேட்டில் இருவரை ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்கியபோது வந்த குறையா என்று இதைக் கொண்டு சொல்லிவிடலாம். வந்து வந்து மறையும் குறைகளுக்கு, அதாவது பட்டறை வாசலில் வண்டி நின்றதும் காணாமற்போய்விடும் குறைகளுக்கு, இதைவிடச் சிறந்த தடயம் வேறு கிடையாது. அழிக்கும் பொத்தானை அழுத்தினால் எண்ணோடு இதுவும் போய்விடுகிறது. பல வண்டிகளில், நாள்பட்ட ஓட்டத்தில் ஈ.சி.யூ. கற்று வைத்திருந்த கலவைத் திருத்தங்களும் போய்விடுகின்றன. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவுடன் முதற்காரியமாக எண்ணை அழித்துவிட்டு, ‘மறுபடி வருகிறதா பார்ப்போம்’ என்று சொல்கிறவர், தடயம் அனைத்தையும் கழுவிவிட்ட பிறகு துப்பறிய உட்காருகிறார்.

ஆனால் அழித்த பிறகு விளக்கு அணைந்துதானே இருக்கிறது என்பார்கள். அணைந்துதான் இருக்கும். பல பரிசோதனைகளை ஈ.சி.யூ. சாவி போட்டவுடன் செய்வதில்லை. எஞ்சின் தக்க சூட்டை அடைந்து, குறித்த வேகத்தில் குறித்த நேரம் ஓடிய பிறகே சிலவற்றைச் செய்யும். அவற்றிலும், முதல் ஓட்டத்தில் கண்ட தவறை மனத்தில் மட்டும் குறித்துக்கொண்டு, அடுத்த ஓட்டத்திலும் அதையே கண்டால்தான் விளக்கை ஏற்றும் பரிசோதனைகள் உண்டு. ஆகவே பட்டறையிலிருந்து வீடு வரையில் விளக்கு எரியாமலிருப்பது, இன்னும் பரிசோதனை நடக்கவில்லை என்பதைத் தவிர வேறொன்றையும் நிரூபிக்காது. மறுபுறம், குறை உண்மையாகவே நீங்கியிருந்தால், பொதுவான முறைப்படி, தவறில்லாத ஓட்டங்கள் மூன்று தொடர்ந்து முடிந்ததும் ஈ.சி.யூ. தானே விளக்கை அணைத்துவிடும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற கைவைத்தியத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம்: மின்சாரம் போனாலும் அழியாத நினைவில் எண்ணைப் பதிந்துவைக்கும் வண்டிகள் ஏராளம், அவற்றில் இந்த வைத்தியத்தால் கடிகாரத்தின் மணிதான் மாறுகிறது.

ஸ்கேனர் பரவுவதற்கு முன்பே ஹோண்டா மோட்டார் சைக்கிள்களில் இருந்த ஓர் ஏற்பாடு எனக்கு மிகவும் உகந்தது. சீட்டுக்கு அடியிலோ பக்கத்து மூடிக்குள்ளோ இருக்கும் சர்வீஸ் கப்ளரின் இரண்டு முனைகளைச் சிறு ஒயரால் இணைத்து சாவியைப் போட்டால், மீட்டரின் விளக்கே சிமிட்டிச் சொல்லும். நீண்ட சிமிட்டு பத்து, குறுகிய சிமிட்டு ஒன்று. ஏழு சிமிட்டினால் எஞ்சின் வெப்பச் சென்சாரின் சுற்று. எட்டானால் த்ராட்டில் சென்சார். ஒன்பதானால் உள்ளே வரும் காற்றின் வெப்பம். நீண்டது இரண்டும் குறுகியது ஒன்றுமானால் ஆக்ஸிஜன் சென்சார். அழிப்பதற்கும் அதே ஒயர்தான்: சாவி போட்ட நிலையில் இணைப்பை எடுத்தால் விளக்கு ஏறத்தாழ ஐந்து விநாடி எரியும், அது எரியும்போதே மறுபடி இணைத்துவிட வேண்டும். சிமிட்டலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதன் அந்த விளக்கு எத்தனை குறைவாகச் சொல்கிறது என்பதை உணராமல் இருக்க முடியாது. வண்ணத் திரையில் முழு வாக்கியமாக எழுதிக்காட்டும் ஸ்கேனர், சொன்னது அதேதான் என்றாலும், எல்லாம் தெரிந்ததுபோன்ற தோரணையைப் பெற்றுவிடுகிறது.

இந்தச் சித்தாந்தத்தின் மறுபக்கமும் ஒன்றுண்டு. எண் இல்லை, ஆகவே குறை இல்லை என்பது. ‘சிஸ்டத்தில் ஒன்றும் காட்டவில்லை சார், வண்டி நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் தொகை சிறிதாயிராது. 2020-இல் வந்த முதல் நிலைச் சுயபரிசோதனை, பிரதானமாக மின்சுற்றுகள் அறுந்திருக்கின்றனவா, ஷார்ட் ஆகியிருக்கின்றனவா என்பதையே பார்க்கக் கடமைப்பட்டது. சென்சார் சொல்வது நியாயமானதா என்று ஒத்துப்பார்ப்பது போன்ற நுட்பமான சோதனைகள் 2023 ஏப்ரலிலும் 2025 ஏப்ரலிலும் அமலான அடுத்த படிகளில்தான் வந்தன. வால்வு சரியாக மூடாமல் கம்ப்ரஷன் இறங்கியிருப்பது, பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்திருப்பது, ஏர் ஃபில்டர் தூசியில் அடைபட்டிருப்பது, கிளட்ச் வழுக்குவது ஆகியவற்றுக்குப் பல வண்டிகளில் எந்த எண்ணும் வராது. அவற்றை எண்ணில் தேடுபவருக்கு ஒன்றும் கிடைக்காததில் வியப்பில்லை.

இவ்வளவும் சொன்னதனால், கார்புரேட்டர் காலமே பொற்காலம், இந்தக் கணினிகள் வந்து தொழிலைக் கெடுத்துவிட்டன என்று பெருமூச்சு விடுகிறவர்கள் என்னைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்ள வேண்டாம். மழைக்கால விடியலில் சோக்கை இழுத்து உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்த அந்தப் பொற்காலத்தை நானும் அறிவேன். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கையில் கிராங்க் சென்சாரின் சுற்றைக் குறிக்கும் ‘பி0335’ வந்தால், அரைநாள் தேட வேண்டிய குறையை ஒரு முழ ஒயருக்குள் ஸ்கேனர் அடக்கிவிடுகிறது. ஸ்கேனரைத் தொடமாட்டேன் என்று வீம்பு பிடிக்கும் மெக்கானிக், அதைத் தவிர வேறொன்றையும் தொடாத மெக்கானிக்கைப் போலவே பாதி வேலைக்காரர்தான்.

கடைசியாக, நடைமுறைவாதிகளின் ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. அதுதான் உண்மையில் இந்த அபிப்பிராயத்தைத் தாங்கி நிற்கும் தூண் என்று நினைக்கிறேன். கப்ளரைத் திறந்து பார்த்து, மல்டிமீட்டர் பிடித்து, ஒயரைத் தொடர்ந்துபோய்த் தேட நேரம் ஏது, அந்த நேரத்துக்குக் கூலி கொடுப்பவர் யார் என்கிறார்கள். பாகத்துக்கு விலை கொடுக்கும் வாடிக்கையாளர் தேடலுக்குக் காசு கொடுக்க முகம் சுளிக்கிறார் என்பது மெய்தான். ஆனால் இதை வண்டியைச் செய்த கம்பெனிகளின் தலையில் ஏற்றக் கூடாது. சர்வீஸ் மானுவல்கள் ஒவ்வோர் எண்ணுக்கும் வரிசை எழுதிவைத்திருக்கின்றன: முதலில் கப்ளர் இணைப்பைப் பார், பிறகு பின்னில் வரும் வோல்ட்டை அள, பிறகு ஒயர் அறுந்திருக்கிறதா, எர்த்தில் படுகிறதா பார், பிறகு சென்சாரின் தடையை அள, இவை எல்லாம் சரியாயிருந்தால் மட்டுமே ஈ.சி.யூ.வைச் சந்தேகி. எண்ணை அழிப்பது அந்த வரிசையில் வேலை முடிந்த பிறகு வருகிறது. கம்பெனி சொன்னபடி செய்கிறோம் என்பவர்கள் கம்பெனி சொன்னதில் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் வைத்துக்கொண்டு நடுப்பக்கங்களைக் கிழித்துவிட்டார்கள்.

கூலி விஷயத்தில் மாற வேண்டியவர் வண்டிக்காரரும்தான். தேடியதற்கென்று தனியாகக் கூலி கேட்கும் மெக்கானிக்கோடு பேரம் பேசாமல் அதைக் கொடுத்துவிட்டு, ரசீதில் சில விவரங்களைக் கேட்டு வாங்கலாம்: வந்த எண் எது, அழிக்கும் முன் அதோடு பதிவாகியிருந்த அளவுகள் என்ன, மீட்டரை எங்கே வைத்து எவ்வளவு வோல்ட் பார்த்தார்கள், எண்ணை அழித்தது வேலைக்கு முன்னாலா பின்னாலா. பாகம் மாற்றியிருந்தால் பழையதைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்வது நம் ஊரில் என்றைக்கும் உள்ள வழக்கம். கழற்றியது வெப்பச் சென்சாராயிருந்தால், அதன் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து, முதலில் பச்சைத் தண்ணீரிலும் பிறகு வெந்நீரிலும் அதன் நுனியை முக்கிப் பார்க்கச் சொல்லலாம். தடை ஒழுங்காகக் குறைந்து, மானுவலில் போட்டிருக்கும் அளவோடு ஒத்துப்போனால், எந்தப் பாகத்துக்காகக் காசு கொடுத்தோம் என்ற கேள்வியை அங்கேயே, அந்தக் கவுண்ட்டரிலேயே கேட்கலாம்.